நூறாண்டு கடந்தும் அணையாத தீ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்கள். மூட்டத்தில் வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதற்காகவே இரவெல்லாம் விழித்திருந்து மண்ணை அப்புவார்கள். ஒரு மூட்டத்துக்கே இவ்வளவு காவல்!

ஜார்க்கண்டின் ஜரியாவில் 1916 முதல் நிலத்தடியில் நிலக்கரி எரிகிறது. தோண்டி முடித்து, சரியாக மூடாமல் விட்ட பழைய சுரங்கங்களின் வழியே காற்று இறங்க, கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்கிறது. வீட்டுத் தரை பிளக்கிறது. பிளவில் கார்பன் மோனாக்சைடு கசிகிறது. திடீரென நிலமே உள்வாங்குகிறது. அதன்மேல்தான் பிள்ளைகள் உறங்குகிறார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மறுகுடியமர்வுக்கு 2009-இல் திட்டம் வந்தது. 2025-இல் அதைத் திருத்தி ரூ.5,940 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால், 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டத்துக்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: வீட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே, அங்கே போய் என்ன வேலை செய்து பிழைப்பது என்பதற்கும் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தேவிபட்டினம் வாசகர்