அப்புச்சியின் உத்தியோகம்

காங்கேயம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். சென்ற வாரம் நீ தொலைபேசியில் அழுதுகொண்டே இரண்டு செய்திகள் சொன்னாய். உன் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், கருமாதிக்கு வர முடியவில்லையே என்பது ஒன்று. அங்கே நர்சாகப் பதிவு கிடைக்கும்வரை முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் கழுவித் துடைத்துவிடும் வேலைதான் பார்க்கிறாய் என்பதை நம் ஒறம்பரையில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதற்கு நீயும் நானும் செய்யக்கூடியது எதுவுமில்லை. இரண்டாவதை நான் காப்பாற்றவில்லை. கருமாதிக்கு வந்திருந்த உன் பெரியம்மா, நீ அங்கே என்ன உத்தியோகம் பார்க்கிறாய் என்று வாசலில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். நான் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதற்காகவே இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

அப்புச்சியின் சீருடைப் படத்தை வைத்து, அதன் கீழே ‘நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்’ என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்திருந்தால் அவர் சிரித்திருப்பார். “துப்பாக்கியைத் துடைச்சதைவிட ஆளுகளைத் துடைச்சதுதான் சாஸ்தி” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் பேச்சு.

1966-இல், பதினெட்டு வயதில் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். தொடர்ந்து மழை பொய்த்து, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்கூடக் கருகிப்போய், மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள அண்ணன் ஒருவர் போதும் என்று வீட்டில் முடிவானது. கோயமுத்தூரில் ஆள் எடுத்தபோது, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் போட்டு நீலகிரி வெலிங்டனுக்கு அனுப்புவார்கள், ஊருக்குப் பக்கமாக இருந்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். பத்தாவது தேறியிருந்ததால் படையின் மருத்துவப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு, பயிற்சிக்காக லக்னோவுக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். இந்தி ஒரு சொல்லும் தெரியாது. அங்கே கற்ற முதல் பாடம் ஊசி போடுவதன்று. படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமல், ஒரு பக்கம் ஒருக்களித்து வைத்துப் பழைய விரிப்பைச் சுருட்டி, மறுபக்கம் புதியதை விரித்துக்கொண்டே வருவது. எழுபத்தைந்து வயதிலும் நம் வீட்டுக் கட்டிலுக்கு அவர்தான் விரிப்புப் போடுவார் என்பதும், மூலைகளை நாற்பத்தைந்து பாகைக்கு மடிப்பார் என்பதும் உனக்குத் தெரியும். அது அங்கிருந்து வந்தது.

1971 போரில் அவர் கிழக்கு எல்லையில், அகர்தலா பக்கம், ஒரு ‘ஃபீல்டு ஆம்புலன்ஸ்’ பிரிவில் இருந்தார். பெயரைக் கேட்டு வண்டி என்று எண்ணிவிடாதே. அது போர்முனைக்குப் பின்னால் கூடாரம் அடித்து, காயம்பட்டவர்களை வாங்கிக் கட்டுப் போட்டுப் பின்னால் அனுப்பும் ஒரு படைப்பிரிவு. டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த அந்தப் போரைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது மிகக் குறைவு. மாட்டுவதற்குக் கம்பி இல்லாமல், குளுக்கோஸ் பாட்டிலை ஓர் இரவு முழுவதும் கையை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்டேன். விடிந்ததும் வண்டியில் ஏற்றிவிட்டார்களாம், அதற்குமேல் தெரியாது என்றார்.

அவர் விரிவாகச் சொன்னது போருக்குப் பிந்திய கதைதான். கிழக்குப் பாகிஸ்தானில் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பல ஊர்களில் முகாமிட்டு வைத்திருந்தார்கள். அப்புச்சியை ராஞ்சிக்கு மாற்றினார்கள். அவருடைய வார்டில், இரண்டு தொடையிலும் குண்டுக் காயத்தோடு, எழுந்து உட்கார முடியாத ஒரு பாகிஸ்தான் சிப்பாய் இருந்தார். அதற்குமேல் சீதபேதியும் வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து முறைக்குக் குறையாமல் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததாம். எதிரிப் படையைச் சேர்ந்த, தன் வயதே ஆன ஒருவன் தன்னைக் கழுவிவிடுகிறான் என்னும் வெட்கத்தில் அவர் ஒவ்வொரு முறையும் முழங்கையால் முகத்தை மூடிக்கொள்வாராம். என்ன செய்வதென்று தெரியாமல் அப்புச்சி, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “உங்க ஊர்ல மழை எப்படி?” என்று கேட்டிருக்கிறார். அவர் பஞ்சாபில் வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்க்காரர். மழையில் தொடங்கிய பேச்சு கோதுமைக்கும் எருமைக்கும் போய், நான்கைந்து நாளில் முழங்கை முகத்திலிருந்து இறங்கிவிட்டதாம். இத்தனைக்கும் அந்த ஆளின் பெயரை அப்புச்சி மறந்துபோயிருந்தார். அவருடைய ஊர் எருமைகள் எத்தனை படி கறக்கும் என்பது மட்டும் கடைசிவரை நினைவில் இருந்தது.

1984-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து, முன்னாள் படைவீரர் என்ற முறையில் தாராபுரம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஆண் செவிலிய உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் அவருக்குப் ‘பட்டாளத்துக் கம்பவுண்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்தபிறகும் அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் போய்ப் பண்டுதம் பார்ப்பார். கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கொதிக்க வைக்காமல் கையில் எடுக்க மாட்டார், அவசரப்படுத்துகிறவர்களிடம் கோபித்துக்கொள்வார். ஊருக்கு வெளியே இருந்த வளவுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று என் ஆத்தா, அப்புச்சியைப் பெற்றவள், சட்டம் போட்டிருந்தாள். அப்புச்சி அதை மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் ஊர்ப் பெரியதனக்காரரின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்த அன்றும் நேராகக் கிணற்றடிக்குத்தான் போனார். அங்கிருந்தே உரத்த குரலில், “ஆத்தா, துண்டு கொண்டா, பெரியதனக்காரர் ஊட்டுக்குப் போயிட்டு வந்துட்டன்” என்று கூவினார். தெருவே கேட்டது. அடுத்த மாதத்தோடு ஆத்தாவின் சட்டம் காணாமல் போயிற்று.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாக்கு வறளப் போட்டு வைத்திருந்த வீடுகள் அன்று ஏராளம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, முதலில் தாயின் வாயில் ஒரு சொட்டு விட்டு, “கண்ணுத் தண்ணியைவிட உப்பா இருக்கக் கூடாது, பாரு” என்பார். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தபோது, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கரைத்து வாயாலேயே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. அப்புச்சி அந்த முகாமில் இருந்தவர் அல்லர். ஆனால் அதே ஆண்டில் அகர்தலா பக்கத்துச் சாலைகளில் அகதிகள் நடந்துவந்ததைக் கண்டவர். அந்த மருத்துவர் மறைந்தபின் 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்த செய்தியை என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இனி நான் சொல்ல வெட்கப்படுவதைச் சொல்கிறேன். “பட்டாளத்துக்குப் போயி பீ அள்ளக் கத்துக்கிட்டு வந்திருக்கறான்” என்று நம் சொந்தத்திலேயே பேசினார்கள். எனக்கு வந்த ஒரு நல்ல வரன் அந்தப் பேச்சினாலேயே தட்டிப்போயிற்று. பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சியிலும் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நான் ‘ராணுவ ஹவில்தார்’ என்றே எழுதி வந்தேன். அவர் ஓய்வுபெற்று எட்டு ஆண்டு கழித்தும் அப்படித்தான் எழுதினேன். ஒரு முறை அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். எதையும் திருத்தாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

1992-இல் ஓர் இரவு, அவருக்கு நைட் டூட்டி. தூக்குப்போசியில் சோறு கொண்டுபோயிருந்தேன். கடலைக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கால் முழங்கால்வரை வீங்கி, ஈறிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அப்புச்சி அவருடைய கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அதை ஆடாமல் ஜன்னல் திட்டில் நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம். அதுவரை அவரும் அசையவில்லை, என்னையும் குழாய்ப் பக்கம் போக விடவில்லை. பிறகு குழாயை மெல்லச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல ஓடியது. டாக்டரிடம் காட்டியதும் அவர் விஷமுறிவு மருந்து ஏற்றச் சொன்னார். பொடியாக இருக்கும் அந்த மருந்தில் நீர் விட்டதும் குலுக்கினால் நுரைத்துவிடும் என்று, ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டி உருட்டிக் கரைத்தார். பத்துக் குப்பிகள்.

நள்ளிரவில் அந்த ஆள் படுக்கையிலேயே கழித்துவிட்டார். கூட வந்த தம்பி வெளியே போய்விட்டான். அப்புச்சி வாளியும் துணியும் எடுத்து வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பொருட்படுத்தாமல், ஒருக்களித்து வைத்துத் துடைக்கத் தொடங்கினார். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “கொடிக்கடலையா, கொத்துக்கடலையாங்க?” என்று அப்புச்சி கேட்டார். “கொத்துங்க” என்று அவர் முனகினார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும், காய் பிடித்திருக்கிறதா, மயில் கிளறுகிறதா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன; விரிப்பு மாறியது, மூலைகள் மடிந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்து வைத்து, விடியும் வேளையில் என்னைக் கூப்பிட்டுக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். கட்டியாக உறைந்து அடியிலேயே நின்றது. பாம்புக்கடி ஆள் பிழைத்ததைவிட, கழுவும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டாரே என்பதுதான் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

2006-இல் அந்த வேலையிலிருந்தும் ஓய்வுபெற்றார். அதன்பிறகும் போலியோ சொட்டு மருந்து நாளில் பந்தலில் உட்காருவார். காசநோய் மாத்திரையை மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடப் பார்க்கிறவர்களைத் தேடிப்பிடித்து ஆறு மாதத்தையும் முடிக்க வைப்பார். 2021 மே மாதம், கோயமுத்தூரில் கொரோனா எண்ணிக்கை சென்னையையே தாண்டிப்போன நாட்களில், எழுபத்து மூன்று வயதில் அவரை வெளியே விடாமல் நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். ஜன்னலில் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களிடம், மூச்சு வாங்கினால் குப்புறப் படுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். இதெல்லாம் நீயே பார்த்தது.

நீ பார்க்காதது அவருடைய கடைசி நான்கு மாதம். அவ்வளவு பேரைக் கழுவிவிட்டவர், தன் முறை வந்தபோது மிக மோசமான நோயாளியாக இருந்தார். பெட்பேனைத் தட்டிவிட்டார். ஆளை வைத்துக்கொள் என்று கத்தினார். மகள் கையால் அதைச் செய்யவிடுவதற்கு முதல் இரண்டு நாள் அவர் ஒப்பவேயில்லை. மூன்றாம் நாள் உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, முழங்கையை மடக்கி முகத்தின்மேல் வைத்துக்கொண்டார். அந்த முழங்கையைப் பார்த்ததும் ராஞ்சி கதை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது மழையைப் பற்றி என்ன பேசுவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “களத்துல தேங்காய்ப் பருப்பு வெலை ஏறியிருக்குதாம் ஐயா” என்று ஒரு விலையையும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு முழங்கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: “அது போன வாரத்து வெலை.”

துடைத்து முடித்து, விரிப்பு மாற்றி, மூலை மடிக்கும்வரை, தரம் பிரிக்காத பருப்புக்கு என்ன விலை, வெள்ளகோவிலில் என்ன விலை என்று எனக்கு அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மூலையை நான் சரியாக மடிக்கவில்லை என்றும் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் பேப்பரில் பருப்பு விலையைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் அவருடைய அறைக்குள் போவேன்.

அங்கே குளிர் அதிகம் என்றாய். கொள்ளுப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா