அரளி இலையின் அடிப்புறம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதாதது எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. இங்கே அனைவரும் நலம். அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காற்றில் கரியமில வாயு கூடினால் செடிகொடிகளுக்கு நல்லதுதானே என்று போகிற போக்கில் கேட்டிருந்தாயே, அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அதற்குப் பதில் இலைத்துளைகளில், அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளைகளில்தான் இருக்கிறது. வகுப்பில் ரியோ என்ற அழகுச்செடியின் இலையில் ஊதாத் தோலை உரித்து, சாமுவேல் சாரிடம் திட்டு வாங்காமல் இலைத்துளையைக் காட்டியவள் நீ ஒருத்திதான். சென்ற வாரம் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் அரளி இலையைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தேன். அடிப்புறத்தில் சிறுசிறு குழிகள், அவற்றுக்குள் அடர்ந்த மயிரிழைகள், அவற்றினிடையே பதுங்கினாற்போல் துளைகள். குழிக்குள் ஈரக்காற்று தங்கிவிடுவதால் நீர் விரைந்து வெளியேறுவதில்லை. நாற்கரச் சாலையின் நடுவே, கொளுத்தும் வெயிலிலும் அரளி பூத்துக் குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எந்தச் செடிக்கும் இக்கட்டு ஒன்றுதான்: கரியமில வாயு நுழைகிற துளை வழியாகவே நீரும் ஆவியாகப் போய்விடுகிறது. காலை வெளிச்சம் பட்டதும், துளையின் இரு பக்கமும் அமைந்த காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் சேர்ந்து, அவற்றைத் தொடர்ந்து நீரும் புகுவதால், அந்த இரு செல்களும் விம்மி வெளிப்புறமாக வளைந்து துளையைத் திறக்கின்றன. மண் வறண்டால் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் சுரந்து, பொட்டாசியமும் நீரும் வெளியேறி, செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் உணவுத் தயாரிப்பு குறைகிறது. கற்றாழையைப் போல் இரவில் திறந்து பகலில் மூடும் வழி நெல்லுக்கும் வேம்புக்கும் வாய்க்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கரியமில வாயு மிகுந்தால் துளைகள் ஓரளவு மூடிக்கொள்வதோடு, பல தாவரங்களில் அவற்றின் எண்ணிக்கையும் குறைகிறது. குளிர்நாட்டு மரங்கள் எட்டின் உலர்த்திய இலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் உட்வர்ட், 200 ஆண்டுகளில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதாக 1987-இல் எழுதினார். நீர் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் இலையைக் குளிர்விப்பதே நீராவிப்போக்குதானே! வெப்பம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், துளைகளைக் குறுக்கிக்கொண்ட இலை எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் என்னை வாட்டுகிறது. வாயு கூடினால் விளைச்சல் கூடும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

நீ கோவையில்தானே இருக்கிறாய்? அங்குள்ள தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் பழைய வேப்பிலைகள் இருக்கின்றனவா, பார்க்க அனுமதிப்பார்களா என்று விசாரித்து எழுது. உன் வீட்டு வேம்பின் இலை அடிப்புறத்தில் நிறமில்லா நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி அனுப்பு. துளைகளை நான் எண்ணிக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தா