அக்கா மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

திருமங்கலத்துப் பெண் உன்னை வேண்டாம் என்று சொன்னதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீ போடுகிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படித்த பெண்களுக்குத் திமிராம். கவர்மென்ட் எல்லாவற்றையும் பொம்பளைகளுக்கே கொடுக்கிறதாம். அந்தக் குரூப்பில் உன் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

உன் கஷ்டம் எனக்குத் தெரியும். வயது 32 ஆகிவிட்டது. கப்பலூரில் கான்ட்ராக்ட் வேலை, என்றைக்கு வர வேண்டாம் என்பார்களோ தெரியாது. ஜாதகம் கொடுத்த இடத்தில் எல்லாம் வேலை நிரந்தரமா என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் உன் வேலையைக் கான்ட்ராக்ட் ஆக்கியது அந்தப் பெண்ணா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையா? 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கும் அதே தொகை வந்துவிட்டது. உன் வீடியோக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கட்டிக்கப் பெண்ணே இல்லை என்று புலம்புகிறாய். நம் உசிலம்பட்டியின் பெயர் எண்பதுகளில் இந்தியா முழுக்க எதற்காக அடிபட்டது என்று உன் அப்பத்தாவிடம் கேட்டுப் பார். எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்கு எடுத்தார்கள் என்று கேள். ராட்சசர்கள் யாரும் வெளியிலிருந்து வரவில்லை. வரதட்சணைக்குப் பயந்து நம் வீட்டு ஆட்களே பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றார்கள். அப்புறம் ஸ்கேன் வந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943தான். நீ பிறந்தது தொண்ணூறுகளில். உன்னோடு பள்ளிக்கூடம் வந்திருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகளை நாம் வளரவே விடவில்லை. தப்பிப் பிழைத்து, படித்து, எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணிடம் போய் நீ கோபப்படுகிறாய். எனக்கு இது தாங்க முடியாத அநியாயமாகத் தெரிகிறது.

அந்தப் பெண்ணின் போட்டோவைப் போட்டு நீ எழுதியதை இன்றைக்கே அழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்போம், நானும் கூட வருகிறேன். இன்னொன்று. தங்கச்சிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தும் நீதான் மறித்து வைத்திருக்கிறாய் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் போகட்டும். பஸ் ஏற்றிவிட நீயே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போ.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்