அந்த ஒரு வரியை நீக்குங்கள்: நீலகிரி விடுதிப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் விடுதியோடு பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர், வார்டன், ஆயா எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறீர்கள். ஊட்டியிலும் கூடலூர்ப் பக்கமும் வேலை பார்த்தபோது நானும் போட்டிருக்கிறேன். மாணவர் சம்பந்தமான எந்தப் புகாரையும் முதலில் நிர்வாகத்திடம்தான் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். ஃபீஸ் தகராறுக்கும் சாப்பாட்டுக் குறைக்கும் அது சரி. ஒரு பிள்ளையிடம் யாரோ தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்த வரி செல்லாது. அதை நீக்கச் சொல்லித்தான் இந்த மடல்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. ஆசிரியை, சமையல்காரர், வாட்ச்மேன் யாராக இருந்தாலும் கடமை அவரவருடையது. முதல்வர் காதில் போட்டுவிட்டதால் தீர்ந்துவிடாது. விசாரித்து உறுதி செய்த பிறகு வா என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விடும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது எந்த வழக்கும் போட முடியாது.

நம் பள்ளிகளில் நடப்பது வேறு. பிள்ளை ஆயாவிடம் அழுதுகொண்டே சொல்கிறது. ஆயா வார்டனிடம், வார்டன் முதல்வரிடம், முதல்வர் உங்களிடம். நீங்கள் வக்கீலைக் கூப்பிடுகிறீர்கள். இதற்குள் ஒவ்வொருவரும் பிள்ளையை உட்கார வைத்து, "என்ன நடந்தது, மறுபடி சொல்லு" என்று கேட்டாயிற்று. கேட்கக் கேட்கச் சொல்லில் சின்ன மாற்றம் வரும். "பாருங்க, மாத்தி மாத்திப் பேசுது" என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். பையனாக இருந்தால், சார் விளையாட்டுக்குத் தொட்டிருப்பார் என்று அங்கேயே முடிந்துவிடும். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் வருவார்கள். காபி கொடுத்து, "வெளிய தெரிஞ்சா உங்க பொண்ணு பேருதான் கெடும்" என்று சொல்லி, டி.சி.யையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஆளோ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அனுபவச் சான்றிதழோடு கொடைக்கானலில் இன்னொரு விடுதியில் சேர்ந்துவிடுவார்.

2020ஆம் ஆண்டு விதிகளின்படி ஊழியர் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் புகாரே பதிவாகாதவரைச் சரிபார்த்து என்ன கிடைக்கும்? நீங்கள் மறைத்ததால் அவர் பதிவு சுத்தமாக இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டம் ராஜூராவில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகள் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் போலீசுக்குச் சொல்லவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்றது. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் மாவட்டம் நம்முடையது. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், 2021 நவம்பரில் கோவையில் ஒரு தனியார் பள்ளி முதல்வர் இதே காரணத்துக்காகக் கைதானார்.

போலீஸ் வந்தால் பிள்ளை மிரண்டுவிடும் என்பீர்கள். பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ. ஒருவர்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று 24ஆம் பிரிவில் இருக்கிறது. எப்போதும் அப்படியே நடக்கிறதா என்றால் இல்லை. கூடலூர்க்காரர்கள் எதற்கும் 50 கிலோமீட்டர் மலையேறி ஊட்டிக்கு அலைய வேண்டியிருப்பதும் உண்மை. அது ஆட்சியரிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

18 வயது நிரம்பாதவர் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான் என்பதால், விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழும் 17 வயதுப் பெண் பிரசவத்துக்கு வந்தாலும் நர்ஸ் தகவல் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்து சிலர் ஆஸ்பத்திரியையே தவிர்ப்பார்கள் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் உங்கள் விடுதியில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை விஷயத்தில் அந்தச் சிக்கல் எங்கே வந்தது?

வரியை நீக்கிய கையோடு, சந்தேகம் வந்தால் நேரே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லலாம், யார் அனுமதியும் வேண்டாம், சொன்னதற்காக வேலை போகாது என்று எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஸ்டாஃப் ரூமிலும் சமையல்கட்டிலும் ஒட்டுங்கள். சமையல்கட்டை விட்டுவிடாதீர்கள்; பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுவது அங்கேதான். மாணவர்களுக்கான 14417 உதவி எண்ணை அவர்கள் கண்ணில் படும்படி எழுதி, பேச ஒரு போனும் கொடுங்கள். விடுதியில் போன் இல்லாமல் எண் மட்டும் எதற்கு?

இந்த மடலின் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை விடுதி ஆய்வுக்கு வரும்போது, ஊழியர்களிடம் நீங்கள் கையெழுத்து வாங்கும் தாளையும் கேட்டு வாங்கிப் படிக்கும்படி அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை,
கூடலூர் வட்டம்