புறக்கணிப்பு பேனர் கட்டும் முன்: கொங்குப் பகுதி சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

விவசாயிகள் சங்கம், கூலி விசைத்தறியாளர் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம் என எந்தப் பெயரில் இயங்கினாலும், பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கமுங்க.

தேர்தல் தேதி அறிவித்ததும் நம் பக்கம் ஏதாவது ஓர் ஊர் முகப்பில் "தேர்தல் புறக்கணிப்பு" பேனர் ஏறிவிடும். தாசில்தார் வருவார், பேசுவார், "தேர்தல் முடியட்டும்" என்பார், பேனர் இறங்கும். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது புதுத் திட்டம் அறிவிக்க அமைச்சருக்கே வழியில்லை. யாராலும் எதுவும் கொடுக்க முடியாத நேரமாகப் பார்த்துத்தான் நாம் கேட்கிறோம்.

மீறிப் புறக்கணித்தாலும் ஒன்றும் ஆகாது. இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் வரம்பு இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் ("இவர்களில் யாரும் வேண்டாம்" பொத்தான்) இதே கதைதான். சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒருவரை ஓட்டுப் போடவிடாமல் தடுப்பதோ குற்றம்.

இன்னொரு வழியை நம் பகுதியே 1996இல் முயன்று பார்த்துவிட்டது. மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் வென்றது வழக்கம்போல் பெரிய கட்சி வேட்பாளர். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, இப்போது 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சியைச் சேராதவருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் 10 பேர் முன்மொழிய வேண்டும். சும்மா கவனத்தை ஈர்க்க நினைத்ததில், அடுத்து வருபவருக்கு வாசல் குறுகியதுதான் மிச்சம்.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகளும் இதையேதான் செய்தார்கள்: 185 வேட்பாளர்கள், பூத்துக்கு 12 வாக்களிப்பு இயந்திரங்கள். ஆனால் அவர்கள் கையில் மஞ்சளுக்குத் தனி வாரியமும் நல்ல விலையும் என்ற ஒற்றைக் கோரிக்கை இருந்தது. வேட்பாளர்கள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. 2023இல் வாரியம் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அங்கேயே திறக்கப்பட்டது. மனு எண்ணிக்கையைவிட அந்தக் கோரிக்கையின் கூர்மைதான் வேலை செய்தது என்பது எங்கள் கணிப்பு. முப்பது கோரிக்கை எழுதிக் கொடுக்கும் சங்கத்துக்கு "பரிசீலிக்கிறோம்" என்ற ஒரே பதில்தான் வரும்.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது. விசைத்தறி மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அங்கே எழுத்துப்பூர்வ ஆட்சேபனையும் கருத்துக்கேட்புக் கூட்டமும்தான் வழி. மானியம் தருவது மாநில அரசு. அது வாக்குறுதி, ஓட்டு சமாச்சாரம். 2021 தேர்தல் வாக்குறுதிக்குப் பின் 2023 மார்ச்சில் இலவச அளவு 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆனது இந்த இரண்டாவது வழியில். பஞ்சு இறக்குமதி வரியோ டெல்லி விவகாரம், எம்.எல்.ஏ. வீட்டு முன் நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊர்ச்சாலையிலும் இதே தவறு நடக்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையில் மனு கொடுத்தால், "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும். எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், யார் கட்டுப்பாடு என மூன்றையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு கிராம சபையில் தீர்மானமாக்கி நகல் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது.

கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழு மாவட்டம் மாவட்டமாக வரும்போதே அந்த நகலோடு போய்விட வேண்டும். எல்லாக் கட்சிக்கும் ஒரே தாள். குளம் குட்டைகளுக்கு நீர் கொண்டுவரும் அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்கு 2019இல் ஒரு கட்சி ஆட்சியில் அடிக்கல், 2024இல் இன்னொரு கட்சி ஆட்சியில் திறப்பு. அதற்கு முன் பல பத்தாண்டுகள், யார் நாற்காலியில் இருந்தாலும் விடாமல் கேட்டார்கள். ஒரு கட்சியின் துண்டைப் போட்டுக்கொண்ட சங்கத்தை அந்தக் கட்சியும் மதிக்காது, மற்றதும் மதிக்காது.

இதெல்லாம் செய்தும், உறுப்பினருக்கு ஓட்டு இல்லையென்றால் வேட்பாளர் காது கொடுக்க மாட்டார். தறி குடோன் மாறி, வாடகை வீடு மாறி வந்தவர்கள் பெயர் பழைய ஊரிலேயே கிடக்கும். இடம் மாறியவருக்குப் படிவம் 8, புதியவருக்குப் படிவம் 6. 18 வயது கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். மனுத்தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் பெயர் சேர்க்க முடியாது. சங்க உறுப்பினர் பட்டியலில், வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் என இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். யாருக்கு விடுபட்டிருக்கிறது என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது சட்டம். இதைப் பனியன் கம்பெனி வாசலில் ஒட்டும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த பிறகு படிவம் 20 வெளியாகும். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். உங்கள் பூத்துகளைக் கூட்டி, வெற்றி வித்தியாசத்துக்குப் பக்கத்தில் எழுதி, மனுவோடு இணைத்து, சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும் முன் வென்றவர் கையில் கொடுங்கள். தோற்ற கட்சிக்குச் சட்டமன்றத்தில் உறுப்பினர் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் போகட்டும். கேள்வி நேரத்தில் எழுந்து கேட்க ஆள் வேண்டுமல்லவா.