கிராண்ட் கேமனில் வெளியார் படகும் நல்ல படகே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கரீபியன் கப்பல் பயணக் கட்டுரையைப் படித்தேன். கரையில் எந்தச் சுற்றுலாவானாலும் கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்ய வேண்டும், வெளியாரை நம்பிப் போனால் கப்பல் நம்மை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். எல்லாத் துறைமுகங்களையும் அவர் ஒரே தராசில் வைத்துவிட்டார். கிராண்ட் கேமன் தீவில் திருக்கை மீன்களைப் பார்க்கவும் பவளப்பாறைகளுக்கு மேல், மூச்சுவிட உதவும் ஸ்நார்கெல் குழாயோடு மிதக்கவும் போகிறவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. மகள் குடும்பத்தோடு கோடையில் ஃபுளோரிடாவிலிருந்து கப்பலேறிப் போய், உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரிடம் நேரடியாகப் பதிவு செய்து பார்த்துவிட்டு வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குவேன்; வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள்.

கப்பல் நிறுவனம் தரும் உறுதி பொய்யில்லை. அவர்கள் வழியாகப் போன குழு திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வானிலை கெட்டுக் கப்பல் அந்தத் தீவுக்கே போகாவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும். கூடுதல் கட்டணம் இந்த உறுதிக்குத்தான். மற்றபடி படகையும் வழிகாட்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. அங்குள்ள படகுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறார்கள். திருக்கைகள் கூடும் மணல்திட்டும் அதே, மீனும் அதே. இந்தத் தீவில் அந்த உறுதிக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதுதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுன் கரையிலிருந்து படகுத்துறைக்கு வேனில் போகும் தூரம் குறைவு. சுற்றுலா மொத்தமும் மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கப்பலோ பகலில் பெரும்பகுதி அங்கேதான் நிற்கிறது. காலையில் போய் மதியம் திரும்பினால் கையில் தாராளமாக நேரம் மிச்சம்.

ஆனால் கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டும் கடிகாரம் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் வந்து அணையும் மேடை இல்லை. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில், பொதுத் தேர்தலோடு சேர்த்து மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்று மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். எனவே கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் சுற்றுலா பதிவு செய்தவர்களை முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் டெண்டர் டிக்கெட் வாங்கிக்கொண்டு எண் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கப்பல் நங்கூரமிட்ட கையோடு புறப்படும் படகில் இடம் பிடிக்காமல், ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துப் புறப்படும் படகாகப் பார்த்துப் பதிவு செய்வதே விவேகம்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. கேமன் தீவுகளில் கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ஃபுளோரிடாவில் உண்டு. மார்ச் முதல் நவம்பர் வரை ஃபுளோரிடா நேரத்திலேயே ஓடும் கப்பலுக்கும் தீவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் வந்துவிடுகிறது. கரையில் இறங்கியதும் என் மாப்பிள்ளையின் கைபேசி தீவின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக எட்டரை காட்டியது. என் கைக்கடிகாரத்தில் ஒன்பதரை. கப்பலின் கணக்கு ஒன்பதரைதான். கைபேசியை நம்பித் திரும்புகிறவர், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போது கடைசி டெண்டர் போயிருக்கும். கப்பலைத் தவறவிடுகிறவர்களுடைய கதைகளில் படகுக்காரரின் குற்றத்தைவிட இந்த ஒரு மணி நேரத்தின் குற்றமே அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம். "நீங்கள் சொல்லும் ஒன்பது மணி தீவு நேரமா, கப்பல் நேரமா?" என்று படகுக்காரரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

எழுத்தில் என்று சொன்னேன் அல்லவா, நாங்கள் படகைத் தேர்ந்தெடுத்ததே அப்படித்தான். சில படகுக்காரர்களுக்கு ஒரே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? கப்பல் வராமல் போனால் முன்பணம் திரும்புமா? நீச்சல் தெரியாதவருக்கு மிதவைச் சட்டை உண்டா, அவரோடு தண்ணீரில் யார் இறங்குவார்? குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று பலத்து அலை எழும்பினால் கப்பல்கள் ஜார்ஜ் டவுனை விட்டுவிட்டுத் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்ற இடத்தில் பயணிகளை இறக்கும். அந்த நாளில் வேன் அங்கே வருமா? நாங்கள் போனது கோடையில்தான் என்றாலும் இதையும் கேட்டேன். விஷயம் தெரிந்தவர் யார் என்பது இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் தெரிந்துவிடும். "ஒன்றும் கவலைப்படாதீர்கள் அம்மா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் போட்டவரை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். கேட்ட வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் எழுதி, "கப்பல் வராவிட்டால் நீங்கள் எதுவும் தர வேண்டாம்" என்று முடித்தவருக்குப் பதிவு போயிற்று. விலை எந்த டாலரில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேமன் டாலர் அமெரிக்க டாலரைவிடப் பெரியது. ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். கடைகளில் ஓர் அமெரிக்க டாலரை 80 கேமன் சென்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். விலைப்பட்டியலைப் பார்த்து மலிவு என்று மகிழ்வதற்கு முன் இது நினைவிருக்கட்டும்.

படகில் ஆள் குறைவு என்பதன் பயன், திருக்கைகள் இருக்கும் இடத்தில்தான் புரிகிறது. நார்த் சவுண்ட் என்ற அகன்ற விரிகுடாவை வெளிக்கடலிலிருந்து ஒரு பவளத்திட்டு மறித்து நிற்கிறது. அதற்கு உட்புறம், கரையிலிருந்து வெகு தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் வெள்ளை மணல்திட்டு. முன்பு மீனவர்கள் இந்த அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி மீனையும் சங்கையும் சுத்தம் செய்து கழிவை வீசுவார்களாம். அதைத் தின்ன வந்து பழகியவைதான் இந்தத் திருக்கைகள். 1980களில் முக்குளிப்பவர்கள் கையால் ஊட்டத் தொடங்கினார்கள். இன்று படகின் இயந்திர ஒலி கேட்டாலே வந்துவிடுகின்றன.

தண்ணீரில் இறங்கியதும் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கச் சொன்னார் வழிகாட்டி. மணலில் புதைந்து கிடக்கும் மீனை மிதித்தால்தான் ஆபத்து. இழுத்து நடந்தால் அது முன்கூட்டியே உணர்ந்து விலகிவிடும். வாலின் மேற்புறத்தில் நச்சு முள் இருக்கிறது. குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பதுதான் முதலுதவி. தொலைக்காட்சியில் முதலைகளோடு தோன்றிப் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வினை 2006இல் திருக்கை குத்திக் கொன்றது ஆஸ்திரேலியாவில். அது வேறு இனம், சூழ்நிலையும் வேறு. (இதை என் சகோதரிக்குத் தொலைபேசியில் விளக்கி மாளவில்லை.) ஆழம் நான்கு அடிக்குக் குறைந்த இடத்தில் செருப்போ காலணியோ அணியக்கூடாது என்பது அங்குள்ள சட்டம். மிதிபடுவது மீன் அல்லவா.

என் கையளவு தூரத்தில் ஒரு பெண் திருக்கை வந்து நின்றது. பெண்தான் பெரியது, ஆண் அதில் பாதிகூட வராது. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, சற்றே சொரசொரப்பு. அடிப்பக்கத்தைத் தொட்டால் தோல் நீக்கி ஊறவைத்த உளுந்தைப்போல் வழுக்குகிறது. கண்கள் முதுகுப்புறம் மேடிட்டு நிற்கின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னால் ஒரு துளை, திறந்து மூடித் திறந்து மூடி. மணலில் படுத்திருக்கும்போது அந்தத் துளை வழியாகத்தான் மூச்சுக்கான தண்ணீரை இழுக்கிறதாம். வாய் அடியில் இருப்பதால் தின்பதைக் கண்ணால் பார்க்க அதற்கு வழியில்லை. மோப்பத்தால் தேடி வந்து உறிஞ்சுகிறது. அதனால்தான் ஊட்டுவதற்காகக் கணவாய்த் துண்டைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும். என் பேரன் மடக்கவில்லை. கடிக்கும் கூர்மையான பல் இல்லை என்பதால் கூச்சலோடு போயிற்று. தோலில் சிவந்த வட்டம் மட்டும் மாலைவரை இருந்தது.

எங்கள் படகில் ஆள் குறைவு. ஒவ்வொருவருடைய கையையும் காலையும் வழிகாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற பெரிய படகிலிருந்து இறங்கிய கூட்டத்தில் புகைப்படத்துக்கு வரிசை. தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு பயணி திருக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மார்போடு அணைத்திருக்கிறார். கேமனில் அப்படித் தண்ணீரைவிட்டு வெளியே எடுப்பது சட்டப்படி தடை. அந்தப் படத்தை மீண்டும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் அதையே போய்ச் செய்வார்கள்.

இயல்பில் இந்த மீன் இரவில் இரை தேடுவது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர் ஊட்டும் இந்த இடத்துத் திருக்கைகள் பகலில் சுற்றுகின்றன, இயல்புக்கு மாறாக நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன என்று காட்டியது. படித்துவிட்டுத்தான் போனேன், சங்கடத்தோடுதான் போனேன். போகவே கூடாது என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆனால் எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்பதைத் துறைமுக ஆணையம் முன்னதாகவே வெளியிட்டுவிடுகிறது. கப்பல் நிறைந்த நாளானால் கூட்டம் கலைந்த பிறகு போகும் படகைத் தேட முடியும். கப்பல் நிறுவனம் குறித்துக் கொடுக்கும் நேரத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு.

அடுத்து பவளத்தோட்டம் என்னும் இடம். மணல்திட்டிலிருந்து படகில் கொஞ்ச தூரம்தான். என் கணவருக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழிகாட்டி இழுத்துவந்த வளையத்தைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தவர், படகுக்குத் திரும்பச் சொன்னபோது காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஊதா நிறக் கடல் விசிறிகள் அலைக்கு அலை சாய்ந்து நிமிர்கின்றன. கிளி மீன் பாறையைக் கொறிக்கும் ஓசை தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பவளத்தின் நிலைமை நன்றாக இல்லை. திசுக்களை அழிக்கும் பவள நோய் 2020இல் இந்தத் தீவுக்கும் வந்துவிட்டது. 2023இன் கடல் வெப்பத்தில் நிறைய வெளுத்துப் போயின. வெப்பத்தில் வெளுத்த பவளத்தின் வெள்ளையையும் நோயின் வெள்ளையையும் வழிகாட்டி பிரித்துக் காட்டினார். முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொண்டால், பவளத்துக்கு ஆகாது என்று சொல்லப்படும், வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பாதியாகக் குறைக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குழாயைக் கவ்வ வேண்டாம்.

திரும்பும்போது கப்பலின் கடைசி டெண்டருக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரைக்கு வந்துவிட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று கடவுச்சீட்டையும், கப்பலின் அன்றாடத் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் நீர் புகாத பையில் வைத்திருந்தேன். பெரும்பாலானோர் அந்தத் தாளை அறையிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

கட்டுரையாளர் அடுத்து மெக்சிகோவின் கோசுமெல் பற்றி எழுதப்போவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அங்கிருந்து மாயா நாகரிகத்தின் பழம்பெரும் நகரமான சிச்சென் இட்சா போக விரும்புகிறவர், தீவிலிருந்து பயணிகள் படகில் பெருநிலக் கரைக்குப் போய், பிறகு சாலையில் நெடுந்தூரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கப்பல் போய்விடும். அங்கே நானும் கப்பல் நிறுவனத்திடம்தான் பணம் கட்டுவேன். தம் அறிவுரையை அவர் அந்தக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்