கயலுக்கு, புகைக்குழாய் விஷயமாக

அன்புள்ள கயல்,

போனில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நீயும் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் வீல் ஹார்ஸுக்கு, அந்தச் சின்னத் தோட்ட டிராக்டருக்கு, மேலே போகிற மாதிரி புகைக்குழாய் வைத்துவிட்டேன். எட்டாவது படிக்கும்போது நீ கேட்டாயே, அதேதான்.

அன்றைக்கு நான் ஒரே பேச்சாக முடியாது என்றேன். நம் ஊரிலேயே, சவுத் பெண்டிலேயே செய்த வண்டி, 1974-ல் கம்பெனி கைமாறி, 1986-ல் மறுபடியும் கைமாறி, கடைசியில் தொழிற்சாலையே ஊரைவிட்டுப் போய்விட்டது, அப்படிப்பட்ட வண்டியின் பானட்டில் ஓட்டை போடலாமா என்று பெரிய பிரசங்கம் செய்தேன். நீ கேட்டது ஒரு குழாய். நான் சொன்னது ஊர் வரலாறு.

இந்தக் குளிர்காலத்தில் பழைய சைலன்சரின் அடிப்பாகம் உளுத்து விழுந்துவிட்டது. ஏரிக் காற்றில் பனி தள்ளும்போது புகையெல்லாம் நேராக என் முகத்துக்குத்தான். இரண்டு நாள் தலைவலி. அம்மா சும்மா இருப்பாளா? முன்பு ஒருமுறை கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு, வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியதே, அதை மறுபடி எடுத்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவள் பக்கம்தான் நியாயம். நீ எப்போதாவது கராஜில் எதையாவது ஸ்டார்ட் செய்தால் முதலில் வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்.

குழாய் செய்வது பெரிய வேலை இல்லை. பழசைக் கழற்றுவதுதான் வேலை. வண்டியில் இருக்கிற கோலர் கம்பெனி இன்ஜினின் வார்ப்பிரும்பில் மரை போட்டு, அதில் ஒரு துண்டுக் குழாய் முறுக்கியிருப்பார்கள். சைலன்சர் கையோடு வந்துவிட்டது, அந்தத் துண்டு உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலான துரு. பைப் ரென்ச்சால் பிடிக்க வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நெருப்பு டார்ச்சால் சூடாக்கி, ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டு வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும், எண்ணெய் போகாத இடத்துக்கும் போகும். இரண்டு தடவை செய்தும் அசையவில்லை. அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும், அப்புறம் இன்ஜினே போச்சு.

கடைசியில் ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டின் உட்புறத்தில் நீளவாக்கில் அறுத்தேன். பத்து தடவை இழுப்பது, விளக்கடித்துப் பார்ப்பது, மறுபடி பத்து. இன்ஜினின் மரையைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். இப்படி இரண்டு வெட்டு. பிறகு சின்ன உளியால் நடுவிலிருந்த பட்டையை உள்பக்கம் மடக்கியதும் மொத்தமும் வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டு வந்தது. நீ பக்கத்தில் இருந்தால் விளக்குப் பிடித்திருப்பாய். விளக்கை வாயில் கவ்விக்கொண்டுதான் செய்தேன், பல் இன்னும் வலிக்கிறது.

பிளம்பிங் கடையில் பளபளவென்று கால்வனைஸ்டு குழாயை எடுத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று கேஸ் லைனுக்குப் போடுகிற கருப்புக் குழாய் வாங்கினேன். கால்வனைஸ்டு என்றால் துத்தநாகப் பூச்சு, அது 420 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். வெல்டிங் வைத்தால் அந்தப் புகையில் காய்ச்சலே வரும். இன்னொரு வேடிக்கை, ஒரு அங்குலக் குழாய் என்று விற்பதை அளந்து பார், வெளிவிட்டம் 1.315 அங்குலம் இருக்கும்.

முதலில் வெறும் குழாயை நட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒற்றை சிலிண்டர், நிமிஷத்துக்கு 3600 சுற்றில் நொடிக்கு முப்பது வெடி, அதுவும் காதுக்கு நேராக. எதிர்வீட்டு நாய் படுக்கையறைக்கு ஓடிவிட்டதாம். அதனால் ஒரு அங்குலக் குழாய் முழுக்கத் துளை போட்டு, அதை இரண்டு அங்குலக் குழாய்க்குள் வைத்து, இடைவெளியில் எஃகுக் கம்பளியைத் திணித்தேன். இரண்டு பக்கமும் ரெட்யூசர், அதாவது பெரிய குழாயைச் சின்னதோடு சேர்க்கிற இணைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் நாலு இடத்தில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். சத்தம் இப்போது ஆழமாக, கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் கனம் கூடிவிட்டதே. அரை மணி ஓட்டியதும் குழாய் தானாகவே மரை கழன்று ஆட ஆரம்பித்தது. தாங்கு கொடுக்காமல் விட்டது என் தப்பு. இப்போது இன்ஜினின் அடி போல்ட்டிலிருந்தே ஒரு பிராக்கெட் எடுத்துக் கட்டியிருக்கிறேன். இன்ஜின் ஆடினால் குழாயும் சேர்ந்தே ஆடும். குழாய் திரும்புகிற தாழ்வான எல்போவில் சின்னத் துளை ஒன்று போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பாலும் ஆவியாகப் போய்விடும். குளிர்ந்த குழாயில் தங்குவது வழிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் இங்கே ஜனவரியில் அது பனிக்கட்டியாகி நிற்கும்.

மழைக்கு மூடி வாங்கவில்லை. ஊரில் தாத்தா ஆயில் இன்ஜின் குழாய் மேல் டப்பாவைக் கவிழ்த்து வைப்பார். நானும் அம்மாவின் காபி டப்பாவைக் கவிழ்த்தேன். எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்ததில் அது பறந்துபோய்த் தக்காளிப் பாத்தியில் விழுந்தது.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பானட்டை வெட்டக்கூடாது என்ற பிடிவாதத்தில் குழாயைப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, எல்போ போட்டு மேலே திருப்பினேன். பெட்ரோல் ஊற்றக் குனிந்தாலும் கார்புரேட்டரைத் தொடப் போனாலும் முழங்கை அதில்தான் படுகிறது. சுட்ட தழும்பு இரண்டு இருக்கிறது. நீ அன்றைக்கு நோட்டில் வரைந்த மாதிரி பானட் வழியாக நேராக விட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

உண்டியல் காசில் நீ வாங்கி வந்த ஹோல் சா, வட்டமாக ஓட்டை வெட்டுகிற அந்த ரம்பம், இன்னும் மூன்றாவது டிராயரில் பிரிக்காமல் இருக்கிறது. டிசம்பரில் வரும்போது பானட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்திருப்பேன். ஓட்டை எங்கே வரவேண்டும் என்று நீயே குறி போடு.

அன்புடன்,
அப்பா